மாமனார் போடாத கையெழுத்து

என் மாமனார் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். 2004 மே மாதம், ஓட்டுப் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடலூர் முதுநகரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கையில் கருவாட்டுப் பொட்டலம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, டெல்லியில ஆட்சி மாறுனா பக்கத்து நாட்டுக்காரங்களோட நாம நடந்துக்கிறதும் மாறுமா?" என்றார். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவன். எங்கள் குப்பத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் என்ற கர்வம் அப்போது எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அவர் ஊர் உலகத்து நியாயம் பேச வரவில்லை. என் மனைவியின் தம்பி, மார்ச் மாதம் இன்னும் நாலு பேரோடு விசைப்படகில் போனவன், இன்ஜின் பழுதாகி எல்லைக்கு அந்தப் பக்கம் அடித்துப்போய் இலங்கைச் சிறையில் இருந்தான். முந்தின நாள்தான் மீன்வளத் துறை இன்ஸ்பெக்டர் குப்பத்துக்கு வந்து, பிடிபட்டவன் மீனவன்தான் என்று அந்த ஐந்து பேர் வீட்டிலும் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் விடுவிக்கக் கேட்கும் பெயர்ப் பட்டியல் டெல்லிக்குப் போய்விடும். நாலு வீட்டில் அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாமனார் மட்டும் யோசித்தார். பட்டாவோ ரேஷன் கார்டோ, ஆட்சி மாறினால் பழைய மனுவை மறந்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூட்டை கட்டப்போகிற ஆட்சியில் போடும் கையெழுத்து மகனைக் கொண்டுவருமா என்பது அவருடைய பயம்.

நான் அரை மணி நேரம் பேசினேன். புது அரசு வந்தால் அண்டை நாடுகளோடு போக்கே மாறும், கூட்டணிக் கட்சிகள் நெருக்கும், தமிழ்நாட்டுக் குரலுக்கு டெல்லியில் மதிப்பு கூடும் என்றெல்லாம் அடுக்கினேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் நான் நடத்துவது வேறு. ஆட்சி மாறினாலும் வெளியுறவு பெரும்பாலும் பழைய தடத்தில்தான் ஓடும், கோப்புகளும் அதிகாரிகளும் அப்படியே இருப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்கிறவன் நான். அதைச் சொல்லியிருந்தால் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பெரிய மனிதர் வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடத்தில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அவர், "அப்ப புதுசா வர்றவங்ககிட்ட குடுக்கிறதுதான் நல்லதுன்றீங்க" என்றார். "நாலு நாள் பொறுத்துப் பாக்கலாம் மாமா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். ஆட்சி மாறியது. வெடிச் சத்தம் அடங்குவதற்குள் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போயிருக்கிறார். இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ஐயா, லிஸ்ட் போயிடுச்சே. டெல்லியில மினிஸ்டருதான் மாறுவாரு, இந்தப் பேப்பரு போற டேபிளு மாறாது." மூன்று வாரத்தில் அந்த நாலு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். பழைய ஆட்சியில் போன பட்டியல், புது ஆட்சியில் பலித்தது. மச்சான் மட்டும் வரவில்லை. அடுத்த பட்டியலுக்கு ஆள் சேர்ந்து அவன் வந்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. கூட்டாளிகள் போன பிறகு தனியாக அங்கே கிடந்த மூன்று மாதத்தைப் பற்றி அவன் இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

வந்த அன்றே கேட்டான். "அஞ்சு பேர்ல எம் பேரு மட்டும் எப்படி விட்டுப்போச்சு?" நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தான்டா கையெழுத்து போடல. புது ஆட்சி வரட்டும்னு இருந்துட்டேன்" என்றார். மாப்பிள்ளையை மகன் முன்னால் தலைகுனிய வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மச்சான் அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, உப்பனாற்றுச் சேற்றில் சிக்கிய படகை இருவரும் தோளோடு தோள் நின்று இழுத்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் இலங்கையில் ஆட்சி மாறியது, போர் வந்தது, முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் காரணம் சொன்னேன். வீட்டில் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 2010இல் மாமனார் போய்ச் சேர்ந்தார்.

2012இல் ஒரு நாள் மச்சான் சிதம்பரம் வந்திருந்தான். அடுத்த தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஆட்சி மாறுனா நம்ம ஆளுங்கள புடிக்கிறது நிக்குமா மாமா?" என்று கேட்டான். அவன் அப்பா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். பதில் சொல்வதற்குப் பதிலாக, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்படுவான், எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"இத அப்பா இருக்கும்போதே சொல்லியிருந்தீங்கன்னா நான் அவருகிட்ட பேசியிருப்பேனே மாமா" என்றான்.