மதில் பட்டை ஜெர்ஸி

1. மூன்று பச்சை

நான் அந்தக் கடையில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சண்டை. திருச்சி சின்னக்கடை வீதியில் குறுகலாக உள்ளே நீண்டு போகும் கடை அது. ஸ்கூல் யூனிஃபாரம், பேண்டு வாத்தியக்காரர்களின் கோட்டு, கால்பந்து ஜெர்ஸி மூன்றும் தைப்போம். ஐம்பதுகளின் கடைசி. லீக் சீசன் தொடங்கப் போகிற நேரம். முதல் டிவிஷன் கிளப்காரர்கள் மெட்ராஸிலிருந்து ஜெர்ஸி வரவழைத்துக்கொள்வார்கள். இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும்.

அன்று காலை மூன்று கிளப் செக்ரெட்டரிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். மூன்று பேருக்கும் பச்சை ஜெர்ஸி. 'இந்தக் கலர் உங்களுக்கு மட்டும்தான்' என்று மூவரிடமும் முதலாளி தனித்தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் முழித்திருப்பான். அவர் அசையவே இல்லை. தென்னூர் கிளப்புக்குப் பச்சையில் வெள்ளைக் காலர், பாலக்கரை கிளப்புக்கு மஞ்சள் வி-நெக், மூன்றாவது கிளப்புக்கு நெஞ்சில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை என்று நின்ற இடத்திலேயே பிரித்துக் கொடுத்தார். வந்த மூவரும் ஆளுக்கொரு டிசைன் கிடைத்த சந்தோஷத்தில் போனார்கள்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று எனக்கு மறுநாள் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடம் பாவாடைக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று விட்டுப்போன துணி. புத்தூர் கிளப்புக்குப் பாதி நீலம், பாதி வெள்ளை என்று தைத்தோம். நீலம் முழுச் சட்டைக்குப் போதவில்லை, அதனால்தான். 'சீமையில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்' என்று சொல்லி முதலாளி அதையும் தள்ளிவிட்டார். இப்போது தொழிலுக்கு வருகிற பையன்கள் டிசைன் டிசைன் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எங்கள் நாளில் டிசைன் என்றால் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த துணி.

2. ஸ்ரீரங்கத்து ஆர்டர்

மிஞ்சின துணியில் அடங்காத ஒரே ஆர்டர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு ஏறிய கிளப். செக்ரெட்டரி வரதன் சார், பள்ளிக்கூடத்தில் கிளார்க், கோயில் கைங்கரியக் குடும்பம். வெயிலில் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்து வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பாய், நம்ம கோயில் மதில் இருக்கோல்லியோ, காவியும் வெள்ளையுமா, அதே மாதிரி பட்டை வரணும். தூரத்துலேர்ந்து பாத்தாலே ஸ்ரீரங்கம் வர்றதுன்னு தெரியணும்."

எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று. துணி என்ன விலை என்று கேட்காமல், எப்படித் தெரியும் என்று யோசித்து வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். ஆனால் வேலை லேசுப்பட்டதல்ல. பட்டை போட்ட துணி அந்த நிறத்தில் கிடைக்காது. காவித் துணியையும் வெள்ளைத் துணியையும் நீளவாக்கில் கிழித்து, பட்டைக்குப் பட்டை தைத்து, அதை இஸ்திரி போட்டுப் படிய வைத்து, பிறகு அதிலிருந்து சட்டை வெட்ட வேண்டும். முதலாளி முகத்தைச் சுளித்தார். கிளப்புக்குப் புதிதாக வந்திருந்த பிரசிடென்ட் ஒரு ரைஸ் மில்காரர் என்று தெரிந்ததும் சுளித்த முகம் நேராகிவிட்டது.

3. டேப் பிடித்தால் டீமில் ஆள்

இந்த இடத்தில் அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு பதினோரு ஜெர்ஸிதான். ஒன்று கூட அதிகம் தைக்க மாட்டார்கள். துணி வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு ஆளையும் கடைக்கு வரச்சொல்லி அளவெடுத்துத்தான் வெட்டுவோம். ஆகவே எவன் மீது டேப் விழுந்ததோ அவன் டீமில் இருக்கிறான், விழாதவன் இல்லை. கிளப்பில் யாரும் வாய்விட்டு அறிவிக்க மாட்டார்கள். தெருவில் பையன்கள் ஒருவரை ஒருவர் விசாரிப்பதே 'அளவு எடுத்தாச்சா?' என்றுதான். சீசன் முழுக்க அவன் ஜெர்ஸி அவனிடமே இருக்கும். துவைத்து உலர்த்தி அவனே போட்டு வர வேண்டும்.

வரதன் சார் கூட்டி வந்த பதினோரு பேரில் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஆடுகிறவன் மாணிக்கம். திருச்சி வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவன். இருபது வயதுக்கு மேல் இருக்காது. அளவெடுக்கும்போது அவன் வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தத் தோளில் தார் வைத்துச் சுமந்ததால் வந்தது. சாதாரணச் சட்டையில் அது தெரியாது. பட்டை போட்ட சட்டையில் காட்டிக்கொடுத்துவிடும், பட்டையெல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் அவன் சட்டைக்கு மட்டும் வலது ஷோல்டரை இறக்கி வெட்டினேன். போட்டுப் பார்த்தபோது பட்டை நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஓரம் மடிக்க வேண்டியிருந்ததால் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

அவனுக்கு இது வெறும் விளையாட்டல்ல. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய கம்பெனி, தன் டீமுக்காகக் கீழ் டிவிஷன் ஆட்டக்காரர்களைப் பார்த்து வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை. அந்தக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் இவன் கொள்ளிடம் மணலில் ஆடுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, 'லீக் மேட்ச்சில் ஆடு, வந்து பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தார். பிராக்டீஸ் விடியற்காலையில். மண்டியில் லாரி வந்து தார் இறங்குவதும் விடியற்காலையில். டேப் விழுந்துவிட்டதே என்ற தைரியத்தில் மாணிக்கம் மண்டி மேஸ்திரியிடம் போய்த் தன் இடத்தை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். மண்டியில் ஒருதரம் இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது. அது அவனுக்கும் தெரியும்.

4. பிரித்தது

டெலிவரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரசிடென்ட் காரில் வந்தார். கூடவே அவர் மைத்துனர் மகன் ஜெயபால். நல்ல சதைப்பிடிப்பான பையன். கான்வென்ட்டில் படித்தபோது பந்து ஆடியிருக்கிறானாம். லெஃப்ட் அவுட் இனி ஜெயபால் என்று பிரசிடென்ட் சொன்னார். வரதன் சார் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்.

காவித் துணி தீர்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று வெட்ட வழியில்லை. "அந்த மண்டிப் பையன் சட்டையைப் பிரிச்சு இவருக்கு ஆல்டர் பண்ணிடு" என்றார் முதலாளி. அளவெடுத்த ஆளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். "நாம தைக்கிறவங்க பாய். யாரு போட்டா நமக்கென்ன" என்றார்.

பிரித்தேன். சைடு தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் வெள்ளைத் துணியில் ஒட்டுக் கொடுத்தேன். வயிறு அடங்கிவிட்டது. இறக்கி வெட்டின ஷோல்டரை ஏற்றத் துணி இல்லை, அப்படியே விட்டேன். நேரான தோள் உள்ள ஜெயபால் போட்டதும் பட்டை முழுக்க வலது பக்கம் சாய்ந்து நின்றது. பிரசிடென்ட் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த முதலாளி கண்ணைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மறுநாள் மாணிக்கம் சட்டை வாங்க வந்தான். தலையில் எண்ணெய் தடவி வாரி, சட்டையை மடிக்க ஒரு பழைய பேப்பரும் கையில் கொண்டு வந்திருந்தான். அவனிடம் சொல்லும் வேலையை வரதன் சார் செய்திருக்க வேண்டும். இல்லை, முதலாளி செய்திருக்க வேண்டும். ஒருவர் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். இன்னொருவர் இவன் வருவதைப் பார்த்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விட்டார். நான்தான் சொன்னேன்.

அவன் சத்தம் போடவில்லை. பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்.

"அளவு எடுத்தீங்களே, பாய்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டி டிராயரில் வைத்தேன்.

5. பத்துப் பேர் ஆடிய மேட்ச்

முதல் மேட்ச்சுக்குக் கட்டிங் ஆள் ஊசி நூலோடு மைதானத்துக்குப் போவது எங்கள் கடை வழக்கம். புதுத் தையல் எங்காவது விட்டால் அங்கேயே போட்டுக் கொடுக்க வேண்டும். புத்தூர் கிளப்போடு ஆட்டம். பாதி நீலமும் மதில் பட்டையுமாக இரண்டு டீமும் இறங்கியபோது, பொய் சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சொன்னபடி வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாணிக்கம் ஒரு பழைய பனியனோடு கயிற்றுக்கு வெளியே நின்றான். எதற்கு வந்தான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் வார்ம்-அப் ஓடினார்கள். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு வந்திருந்த ஜெயபால் ஒரு சுற்று ஓடிவிட்டு, மைதான ஓரத்தில் வாந்தி எடுத்தான். முடியாது என்று சொல்லி மாமா பக்கத்தில் ஒரு நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

வரதன் சார் ஓடிப்போய் மாணிக்கத்தைக் கயிற்றுக்கு உள்ளே இழுத்து வந்தார். ரெஃப்ரி பனியனைப் பார்த்தார். கிளப் ஜெர்ஸி இல்லாமல் விட மாட்டேன் என்றார். அவர் சொன்னது ரூல். ஜெர்ஸியோ பத்தடி தள்ளி நாற்காலியில் ஜெயபாலின் உடம்பில் இருந்தது. வரதன் சார் பிரசிடென்ட் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, தம்பி அதைக் கழற்றிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார். ஒன்றரை மணி நேரம்தான், ஆட்டம் முடிந்ததும் வாங்கித் துவைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னார்.

பிரசிடென்ட் குரலை உயர்த்தாமலேதான் பேசினார். "மண்டியில தார் தூக்கறவன் போட்டு வேர்த்துக் கழட்டினதை, அப்புறம் எங்க வீட்டுப் பிள்ளை போடுமா?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அது அவன் அளவுக்குத் தைச்சதுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊசி நூலு வச்சிருக்கற ஆளு ஊசி நூலைப் பாருங்க" என்றார்.

பத்துப் பேர்தான் ஆடினார்கள். லெஃப்ட் அவுட் இடம் காலி. பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாருமில்லாமல் லைனைத் தாண்டி உருண்டது. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து எறிந்து கொடுத்தவன் மாணிக்கம். ஜெயபால் ஆட்டம் முடியும்வரை பட்டைச் சட்டையைக் கழற்றாமல் சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஸ்ரீரங்கம் தோற்றது. ஸ்போர்ட்ஸ் ஆபீசர் எழுந்து போகும்போது மாணிக்கத்தை அடையாளம் கண்டு நின்றார். என்னப்பா நீ ஆடலையா என்று கேட்டார். அவன் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் பிரசிடென்ட் அவர் தோளில் கை போட்டு காருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அந்த வருஷமே ஜெயபாலுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில். அவன் அந்த சீசனில் ஒரு மேட்ச்கூட முழுதாக ஆடவில்லை. மாணிக்கம் மண்டிக்குத் திரும்பிப் போனான். மேஸ்திரி இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் மண்டி வாசலில் கூப்பிடுகிறவர்களுக்குச் சில்லறை வேலை செய்தான். பிறகு ஒரு வாழைத்தார் லாரியோடு வெளியூர் போனவன் வரவில்லை. வரதன் சாரை மண்டிப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார்கள், அவனைத் தேடித்தான் போயிருப்பார். அவர் மறு வருஷம் செக்ரெட்டரி வேலையை விட்டுவிட்டார்.

6. பாடம்

அறுபதுகளில் நான் தனியாக உறையூர் ரோட்டில் கடை போட்டேன். ஜெர்ஸி ஆர்டர் வந்தால் முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தாறு என்று சைஸ் வைத்துத்தான் தைப்பேன். ஆளைக் கூட்டி வராதீர்கள், எந்த சைஸில் எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்பேன். தோளில் உட்காரவில்லை, கக்கத்தில் பிடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அளந்து வெட்டினது மாதிரி அது ஒருநாளும் உட்காராது. பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்கு வேலை தெரியவில்லை என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கல்யாணக் கோட்டுக்கு ஆளை அளந்து தையுங்கள், மாப்பிள்ளையை யாரும் கடைசி நாளில் மாற்ற மாட்டார்கள். டீமுக்கு அப்படித் தைக்காதீர்கள். யார் ஆட வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர்கள் நம் கடைக்குள் காரைவிட்டு இறங்கி வருவார்கள், போவார்கள். தோளில் டேப் விழுந்த பையனுக்கு நாம்தான் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.