வாய் திறக்காத பிள்ளைக்கு மார்க்

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. நம்மிடம் வளர்க்க விட்ட பிள்ளையின் கதையை நாம் சொல்லலாமா என்ற பயம்தான். இப்போது காலேஜுக்குப் போகும் அவளே, "எழுதுங்க அத்தை, பேரு மட்டும் வேண்டாம்" என்றதால் எழுதுகிறேன்.

அவளுக்குப் பச்சைமலைப் பக்கம். அப்பா அடித்ததில் அம்மா திருச்சி பெரியாஸ்பத்திரியில் கிடக்க, குழந்தைகள் நலக் குழு அவளை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் விட்டது. பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி அம்மாவைப் பார்த்து வருவோம்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், குழுவிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்ட அதே மேடம் வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டுகிறதா என்று கேள்வி கேட்டு மார்க் போடுவார்களாம். மார்க் குறைந்தால் வெளியூரில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அம்மா முகம் கிடையாது.

"ஸ்கூல்ல ஃப்ரெண்டு யாரு?"

"யாரும் இல்லைங்க."

"டீச்சர்கிட்ட பேசுவியா?"

"மாட்டேங்க."

"இன்டர்வெல்ல என்ன பண்ணுவ?"

"தண்ணி குடிப்பேங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஒட்டவே இல்லையேம்மா. மாத்திடறதுதான் நல்லதுன்னு தோணுது."

நான் ரங்கா, ரங்கா என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள்தான் நிமிர்ந்தாள்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, யார்கிட்டயும் எதுவும் சொல்லாதேன்னு? ஃப்ரெண்டுன்னா வீடு எங்கன்னு கேப்பாங்க. நான் இங்க இருக்கறது அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

"வீட்டைப் பத்தி மட்டும்தானே சொல்ல வேணாம்னேன்?"

"பிரிச்சுப் பேச எனக்குத் தெரியலைங்க. மொத்தமா மூடிட்டேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "சரி, வாயை விடு. காதுல விழுந்ததைச் சொல்லு."

"கணக்கு சார் போர்டு பக்கம் திரும்புனா கடைசி பெஞ்சு பட்டாணி திங்கும். சத்தமில்லாம கடிக்கத் தெரியாது அதுங்களுக்கு. ஒருநாள் பின்னக் கணக்கை சார் தப்பாப் போட்டாரு. கிளாஸ்ல யாருக்கும் தெரியலை. எனக்குச் சொல்லணும்னு நாக்கு அரிச்சுச்சு."

மேடம் சிரித்துவிட்டார். "மனசு ஒட்டித்தான் இருக்கு. நான் கேட்ட கேள்விதான் இவளுக்குப் பொருந்தலை" என்றவர், யாரிடம் என்ன பேசலாம் என்று நிதானமாக அவளுக்குப் பிரித்துச் சொன்னார். பள்ளியிலும் பேசுவதாகச் சொல்லிப் போனார். அம்மா தேறி வரும்வரை அவளை மாற்றவில்லை.

இதை யாரிடமாவது சொல்பவர்கள், அந்த மேடத்தைப் பொல்லாதவராக்க வேண்டாம். என்னைப் பெரிய மனுஷியாகவும் ஆக்க வேண்டாம். அந்தப் பிள்ளை பேசினதை அவள் பேசினபடியே சொல்லுங்கள், போதும்.