வலப்பக்கத்துக்கு ஆள் இல்லை

போன வருஷம் சித்திரை மாதம், மொன்ட்ரியாலில் லாசால் பக்கம் இருக்கிற என் சொந்த வீட்டில் நடந்தது இது. சொந்த வீடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த ஊருக்கு வந்து ஹோட்டலில் கோப்பை கழுவினேன், கந்தோர்களில் நிலம் துடைத்தேன், பிறகு நானே ஒரு துப்புரவுக் கொம்பனி தொடங்கினேன். வில்லரேயில் ஒரு கட்டடம் வாங்கினேன், பிறகு லாசாலில் ஒன்று. தங்கச்சிமாரை இங்கே எடுப்பித்துக் கலியாணம் கட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் எனக்குப் பிரெஞ்சில் ஒரு வரி எழுத வராது. ஆனால் பிரெஞ்சுக்காரர் என்னுடைய கட்டடத்தில் வாடகைக்கு இருக்கினம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ஐஸ் ஹாக்கி வீரனை உண்டாக்கினவன் நான். அதைத்தான் ஒருவரும் எழுதுவதில்லை.

என் மகன் டிஃபென்ஸ் ஆட்டக்காரன். கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டு விழும். டிஃபென்ஸ்காரன் தன் கோலுக்கு முன்னால் நின்று மற்றவனை இடித்து, கறுப்பு ரப்பர் வில்லையை உடம்பில் வாங்கி, ஒருவரும் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறவன். பதினாறு வயதில் வடக்கே ஒரு சின்னப் பட்டணத்துக்குப் போய், யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி விளையாடினான். பிறகு சின்ன லீக்கில் பஸ்ஸிலேயே அலைந்தான். பிறகு பெரிய லீக். ஒரு கழகம் வைத்திருக்கும், ஒரு போன் அடித்து மற்றக் கழகத்துக்குத் தள்ளிவிடும். கடைசியாக ஐரோப்பாவில் இரண்டு குளிர்காலம். பேந்து வலத்தோளில் ஒப்பரேசன், அதோடு சரி. முப்பத்திரண்டு வயதில் எங்கள் வீட்டுக் கீழறைக்குத் திரும்பி வந்து, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான்.

சித்திரையில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காரப் பெண் பிள்ளை அவனைப் பற்றி எழுத வந்தாள். மனிசி ரோல்ஸ் பொரித்தா. நான் சேட் மாற்றி, தலை இழுத்து, அவன் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இன்றைக்காவது பேப்பரில் என் கதை வரும் என்று எனக்குள்ளே ஒரு புளுகம், ஒரு சந்தோசம்.

அவள் கேட்டாள், உன்னை ஆட்டக்காரன் ஆக்கினது யார் என்று. வாடகை பேசிப் பழகின பிரெஞ்சுதான் என்னுடையது, ஆனால் இது விளங்கியது. மகன் வடக்குப் பட்டணத்துப் பயிற்சியாளரைச் சொன்னான். அங்கே அவனுக்குச் சமைத்துப் போட்ட மனுசியைச் சொன்னான். அவ அவனுடைய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து கடைசி வரிசையில் இருப்பாவாம், அவன் சொன்னபோது குரல் இளகியது.

"அப்பா?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா வேலைக்குப் போவார்," என்றான். அவ்வளவுதான்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. "பார்தோன், மடாம்," என்று இடையில் புகுந்தேன். "இதை எழுதுங்கோ. இந்த வலக்கை என்ரை."

நடந்தது இதுதான். அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது, வில்லரே பூங்காவில் பனி இறுகின திடலில் பழக விட்டோம். போய்ப் பார்த்தால், பயிற்சி கொடுக்கிறவன் மட்டையில் இடக்கையைக் கீழே பிடிக்க வைத்திருக்கிறான். இங்கே முக்கால்வாசிப் பிள்ளைகளும் அப்படித்தானாம். எனக்கு அது எங்கே தெரியும்? சோறு தின்னுகிற கை மேலே சும்மா கிடக்க, இடக்கையால் வேலை செய்கிறதோ என்று எனக்கு ஒரே அருவருப்பு. வேலி தாண்டி உள்ளே போய்க் கையை மாற்றி வைத்தேன். பிள்ளை அழுதான். பயிற்சிக்காரன் கத்தினான். "உன்ரை பிள்ளையை நீ பழக்கு, என்ரை பிள்ளையின்ரை கை என்ரை பொறுப்பு," என்று சொல்லிவிட்டு, வலக்கைக்காரர் பிடிக்கிற மட்டையாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலியில் நின்று கையைப் பார்த்தேன். மாறினால் ஒரு அதட்டு.

பெரியவனான பிறகுதான் எல்லாருக்கும் அதன் பெறுமதி தெரிந்தது. வலப்பக்க மூலைக்கு வருகிற வில்லையை, வலக்கையைக் கீழே பிடிக்கிறவன் உடம்பைத் திருப்பாமலே எடுப்பான். அப்படிப்பட்ட டிஃபென்ஸ்காரர் நல்ல தட்டுப்பாடு. அவனைவிடத் திறமான பெடியள் எத்தனையோ பேர் வீட்டில் இருக்க, இவனைக் கூப்பிட்டார்கள். பிடித்த பிடிக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

பத்திரிகைக்காரி சிரித்துச் சிரித்து எழுதினாள். "உண்மையா?" என்று மகனிடம் கேட்டாள்.

அவன் தமிழில் என்னிடம் திரும்பினான். "இப்ப ஏன் அப்பா இதெல்லாம்?"

"சொன்னால் என்ன? களவே எடுத்தனான்?"

"சரி. சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லுவம்."

பிறகு அவளிடம் பிரெஞ்சில் சொன்னான், எனக்கும் விளங்கட்டும் என்று ஆறுதலாக, மெள்ள மெள்ள. இடப்பக்கம் நிற்கிறவனுக்கு நோவு என்றால் வெளியில் இருத்தி வைப்பார்களாம், பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். இவன் தோள் நோகுது என்று சொன்னால், வலப்பக்கத்துக்கு ஆள் இல்லை என்பார்களாம். ஊசி போட்டு ஐஸில் இறக்குவார்களாம். விறைப்பு எடுபட்ட பிறகு, உடுப்பு மாற்றுகிற அறையில் சப்பாத்துக் கயிறு அவிழ்க்க ஏலாமல் இருப்பானாம். கடைசி மூன்று குளிர்காலமும் அப்படித்தான் போனதாம்.

அந்த மூன்று குளிர்காலமும் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் நான் போன் எடுப்பேன். "இண்டைக்கும் இறக்கினவங்களோ?" என்று கேட்பேன். "ஓம் அப்பா," என்பான். நான் வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, "என்ரை மகனை ஒரு நாள்கூட வெளியிலை இருத்தேல்லை, பாத்தியளோ!" என்று எல்லாருக்கும் சொல்லுவேன். ஒருத்தர், "அண்ணை, உங்கடை பெடியனுக்குக் களைப்பே வராதோ?" என்று பகிடியாகக் கேட்டார். "ஆற்றை இரத்தம்? என்ரை இரத்தமெல்லோ!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மனிசி ரோல்ஸ் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றா. மகன் இடக்கையை நீட்டி ஒன்று எடுத்தான். வலக்கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது, சேட் பொத்தானும் தாய்தான் பூட்டிவிடுகிறா. அதற்கு முந்தின கிழமை கோயிலில் திருநீற்றுக்கு இடக்கையை நீட்ட, ஐயர் ஒரு கணம் தயங்கினதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூணைப் பார்த்தேன்.

கட்டுரை வந்தது. என் கட்டடத்து வாடகைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். வடக்குப் பயிற்சியாளர் படத்தோடு இருந்தார். சமைத்துப் போட்ட மனுசி இருந்தா. கையும் இல்லை, ஊசியும் இல்லை. என்னைப் பற்றி, தகப்பன் வேலைக்குப் போவார் என்று ஒரே ஒரு வரி.

கீழறைக்கு இறங்கிப் போனேன். "அவள் ஏன் நான் சொன்னதை எழுதேல்லை?"

"நான்தான் எடுக்கச் சொன்னனான்."

"ஏன்ரா?"

"வாசிக்கிற சனம் உங்களைத்தான் குறை சொல்லும், அப்பா. விடுங்கோ."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தேன்.

அவன் என்னைக் காப்பாற்றினதாக நினைக்கிறான். எனக்கு அந்தக் காவல் வேண்டாம். அந்தப் பயிற்சியாளருக்குப் பதினாறு வயதுப் பிள்ளை முடித்த பொருளாகக் கிடைத்தது. முதல் கையை வைத்தவன் நான். அவன் பெரிய லீக்குக்குப் போனதிலும் என் பங்கு உண்டு, அந்தத் தோள் போனதிலும் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நான் ஆயத்தமில்லை. இனி அவனைப் பற்றி யார் எழுதினாலும், என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, மட்டையை மாற்றிப் பிடிக்க வைத்தவன் தகப்பன் என்று கட்டாயம் போடுங்கோ. சனம் ஏசினால் ஏசட்டும். பிள்ளையின் சீவியத்தில் வேலைக்குப் போன மனுசனாக மட்டும் இருந்துவிட்டுப் போவதைவிட, அந்த ஏச்சு எனக்குப் பெரிதில்லை.