பார்மட் அடிக்காத கடை

அந்த வரைபடங்களை அரை மணி நேரத்தில் வெளியே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தெரியாமல் அல்ல... தெரிந்தே.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மதுரை தெற்குவாசல் பக்கம் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. சமயநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். கடை திறந்த அன்று வாசலில் ஒரு பலகை மாட்டினேன்: ‘பார்மட் அடிக்காமல் சரிசெய்து தரப்படும்.’

மற்ற கடைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கல்யாணப் போட்டோக்கள் போனால் அது உங்கள் தலையெழுத்து. அதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றும் வராது.

ஷமீமா ஒரு நாள் காலையில் லேப்டாப்போடு வந்தாள். கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவள். ஓர் இன்ஜினியரிடம் சம்பளத்துக்கு வரைந்துகொண்டிருந்தவள், முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு வேலைக்குப் போட்டியிட்டிருந்தாள். ஒரு கல்லூரி விடுதி. வரைபடங்களை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

முந்தைய நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரன்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள். பேட்டரி ஏற்கெனவே செத்த லேப்டாப். அப்டேட் பாதியில் நின்றுபோய், அதற்குப்பின் திறந்தால் நீலத் திரைதான்.

“அண்ணே, படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கல” என்றாள்.

“மதியத்துக்குள்ள எந்திரிச்சிரும்மா. நம்ம கடையில எதுவும் அழியாது” என்றேன்.

எதிர்க்கடைச் செல்வமும் இதே தொழில்தான். டீ கிளாஸோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

“மாப்ள, அந்தப் புள்ளைக்கு அவசரம்னா டிஸ்க்கக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டு. ஃபைல எடுத்துக் குடுத்துட்டுப் பார்மட்டப் போடு. எம்புட்டு நேரமாகப் போகுது?” பிறகு வாசலைப் பார்த்துச் சிரித்தான். “அப்படியே அந்தப் பலகையையும் கழட்டிரு.”

அவன் சொன்னது சரி. படங்களை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, இயங்குதளத்தை ஆற அமரச் சரிசெய்திருக்கலாம். என் பலகைக்கு அதனால் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால், அவன் சிரித்த பிறகு நான் டிஸ்க்கில் கை வைப்பதா? நீங்கள் என்றால் வைத்திருப்பீர்களா? சத்தியமாகச் சொல்லுங்கள்.

பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாகத் தட்டினேன். கெட்ட கோப்புகளை மாற்றினேன். பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்னால் தள்ளினேன். மறுபடி நீலம்! சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

ஷமீமா இரண்டு மணிக்கே திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தொந்தரவு செய்யவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்கு மணிக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, படத்த மட்டும் தனியா எடுக்க வழி இருக்கா?”

இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“டிஸ்க்கே அடி வாங்கியிருக்கும்மா. இப்பக் கழட்டுனா மொத்தமும் போயிரும்” என்றேன்.

நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? பலகையைப் படித்துவிட்டுத்தானே உள்ளே வந்தாள்...

ஐந்தரைக்கு லேப்டாப் எழுந்தது. இயங்குதளத்தின் அமைப்புகள் பாதி எழுதியபடி கிடந்திருக்கின்றன. பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து அதனிடத்தில் வைத்தேன், அவ்வளவுதான். திரையில் வைத்த படம், அவள் அடுக்கிய ஐகான்கள், விடுதியின் வரைபடங்கள், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி.

“அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணும் போகலண்ணே” என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “நேரந்தான் போச்சு” என்றாள். அழவில்லை. எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்கூட. நான் மறைத்தது பொய்யை மட்டுமல்ல, இதையும்தான்.

அவள் பழைய இன்ஜினியரிடமே திரும்பிப் போனாள். அவள் வரைவதற்கு அடியில் இன்றும் அவர் பெயர்தான். என் கடைக்கோ ஆள்மேல் ஆள் அனுப்புகிறாள், செத்த டிஸ்க்கையே எழுப்பியவர் என்று சொல்லி.

வருடங்கள் கழித்து, போன வாரம் அதே லேப்டாப்போடு வந்தாள்.

“தங்கச்சி மகளுக்குக் குடுக்கப்போறேண்ணே. இதுல இனி ஒண்ணும் வேண்டாம். பார்மட்டே அடிச்சிருங்க.”

என் மேசைமேல்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். விடுதிப் படங்கள் அதே மூலையில் இருக்கின்றன. அழிக்கச் சொன்னவள் அவள், அழிக்க வேண்டியது என் வேலை. கை போகவில்லை.

பலகையைக் கழற்றுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். மாட்டேன்.

போன வாரம் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது நின்று கேட்டாள்: “அடி வாங்குன டிஸ்க்குன்னு சொன்னீங்களேண்ணே, இம்புட்டு வருசம் தாங்கிருச்சே?”

“நல்ல டிஸ்க்கும்மா அது” என்றேன்.

அன்றைக்கு நான்கு மணிக்குச் சொல்லியிருக்க வேண்டியது.