பாவாடை கட்டிய சவுக்கு

சவுக்கு என்றால் எங்கள் பக்கம் கம்பம். பந்தல்கால், சாரம், மிஞ்சினால் அடுப்பு. நெருக்கி நட்டு, கீழ்க்கிளைகளைக் கழித்துக்கொண்டே போனால் மரம் வேறு வழியில்லாமல் வானத்தைப் பார்க்கும். அக்கா மட்டும் எட்ட எட்ட நட்டாள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம். வழியில் போகிறவர்கள் நின்று, ஏனுங்க அம்மணி, மரத்துக்கு மரம் சண்டைங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஐம்பதுகளின் முடிவு. சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே நாற்பது சென்ட். மச்சான் இறந்த பிறகு அக்காவுக்கென்று இருந்தது அதுதான். சுற்றிலும் மச்சானுடைய அண்ணனின் பருத்திக் காடு. கெட்ட மனிதர் இல்லை. தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லாததால், அவளுக்கானதையும் என்னிடம்தான் சொல்வார். மூன்று வருஷம் பார்க்கட்டும், ஒன்றும் தேறவில்லையென்றால் இதையும் சேர்த்து உழுதுவிடலாம், உன் அக்கா எங்கள் வீட்டோடு வந்து இருக்கட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குள் போய்விட்டால் ஆயுசு முழுக்க இன்னொருத்தியின் அடுப்படியில், உப்பைக்கூடக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியும்.

சவுக்கு யோசனை அவளுக்கு வந்தது ஒரு சைக்கிளில். டவுன் தேவாலயத்து உபதேசியார் ஒரு மார்கழியில் வந்து, கிறிஸ்துமஸுக்கு மரம் கிடைக்குமா என்று ஊரெல்லாம் கேட்டார். எல்லோரும் காட்டியது மொட்டைக் கம்பமும் உச்சியில் ஒரு கொத்தும். அவர் இரண்டு கைகளையும் விரித்து, தரையிலிருந்தே கிளை வேண்டும், பாவாடை கட்டின மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஊர் சிரித்தது. அக்கா அடுத்த மழைக்குக் கன்று வைத்தாள்.

மூன்றாம் வருஷம் ஆறு மரங்கள் தலையைத் தாண்டியிருந்தன. மற்றவை இடுப்புயரம். உபதேசியார் வந்து ஆறிலும் சிவப்புத் துணி கட்டி, நாள் குறித்துவிட்டுப் போனார். ஒன்று தேவாலயத்துக்கு, ஐந்து வீடுகளுக்கு. மனசுக்குப் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் குறித்த நாளுக்கு முதல்நாள் எனக்கு மில்லில் விடுமுறை. அக்கா அவிநாசிக் கோயிலுக்குப் போயிருந்தாள். என் கை சும்மா இராது, இன்றும் இராது. காட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் மரம் என்று ஒன்றை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை; உபதேசியார் பாவாடை கேட்ட அன்று நான் மில்லில் இருந்தேன். நான் கண்டதெல்லாம் ஆறு சவுக்குகள், தலைவாராத பெண்களைப் போல. நாளைக்கு ஊருக்குப் போகிறவர்களை இப்படியா அனுப்புவது? கொடுவாளை எடுத்தேன். நெஞ்சுயரம் வரைக்கும் ஒரு கிளை விடாமல் சுத்தமாகக் கழித்தேன். வெயில் ஏறும்போது ஆறும் கம்பம்போல நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் திரும்பிய அக்கா, நெற்றியில் விபூதியோடு, ஒவ்வொரு மரமாகப் போய் நின்றாள்.

“என்ன கண்ணு, பாவாடையக் கிழிச்சுப்போட்டயே.”

அவ்வளவுதான் திட்டு. அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். வெட்டினதையெல்லாம் பொறுக்கி, வாடுவதற்குள் வாய்க்கால் தண்ணீரில் போடச் சொன்னாள். வாழை நாரை ஊற வைத்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து கட்டினோம். நான் கிளையைப் பிடித்துக்கொள்ள, அவள் நாரைச் சுற்றி இறுக்கினாள். நீளக் கிளை அடியில், குட்டை மேலே. ஊசியிலை கழுத்தெல்லாம் அரித்தது. எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்று பார்க்க வேண்டுமா என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சவன் வெட்டியிருப்பானா?”

சாயங்காலம் உபதேசியார் வண்டியோடு வந்தபோது ஆறும் பச்சைக் கூம்புகளாக நின்றன. பத்தடி தள்ளிப் பார்த்தால் கடவுளுக்கும் தெரியாது. அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் அக்கா சொன்னாள்:

“கீழ்க்கிளையெல்லாம் கட்டுனதுங்க. என்ற தம்பி கழிச்சுப்போட்டான். வேண்டாம்னா உட்டுட்டுப் போங்க.”

பருத்திக் காட்டில் மச்சானின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உபதேசியார் குனிந்து ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை.

“நட்சத்திரம், மணி, பொம்மை எல்லாத்தையும் நாங்களும் நூல்லதானுங்கம்மா கட்டறோம். கிளையையும் கட்டியிருக்குதுன்னு வெச்சுக்கறோம்” என்றார். பிறகு என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் கட்டாத மரமாகக் கேட்டார்.

ஆறையும் வெட்டி ஏற்றிக்கொண்டு வண்டி போனது. ஆறு பச்சைத் தலைகள் அசைந்து அசைந்து ரோட்டில் சிறுத்துப்போகும் வரை மூவருமே நின்றிருந்தோம், அவரவர் இடத்தில்.

கோடை மழை விழுந்ததும் பருத்திக் காட்டுக்கு ஏர் வந்தது. நான் வரப்பில் நின்றேன். மாடுகள் எங்கள் எல்லை வரைக்கும் வந்தன, திரும்பின. மச்சானின் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாப்ளே, உங்கக்காகிட்டச் சொல்லு. வரப்போரத்து மரம் ரெண்டு என்ற பக்கம் கிளை உட்டிருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும். உன்ற கையில கொடுவாள மட்டும் குடுத்தர வேண்டாம்னு சொல்லிப்போடு.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, இடுப்புயரச் சவுக்குகளுக்கு நடுவே அக்கா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.