முதல் வரிசைக்கு வந்த அலாரம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தி.நகரில் ஒரு புடவைக்கடையில் எனக்கு வேலை. புடவை விற்கிற வேலை இல்லை. கடைக்கு மயிலாப்பூரிலும் அடையாறிலும் கிளைகள் உண்டு. அங்கே போடுகிற பில் எல்லாம் டெலிபோன் லைன் வழியாக, தி.நகர் கடையின் மூன்றாவது மாடியில் ஏ.சி. அறையில் இருந்த சர்வருக்கு வந்து சேரும். அந்த அறை, அந்த சர்வர், அந்த லைன்கள், மூன்றும் என் பொறுப்பு. யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். புடவைக்கடை என்று வாயைத் திறந்தால் நாங்கள் குடியிருக்கிற மயிலாப்பூர் முழுக்கத் தள்ளுபடி கேட்டு வாசலில் நிற்கும் என்று அவளுக்குப் பயம்.

லைன் ஒழுங்காக இருக்கிற வரை என்னை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. மந்தமானால் போதும், அடையாறு கிளையில் பில் கவுண்டர் முன்னால் கூட்டம் தேங்கிவிடும். முதலாளிக்கு ஆகவே ஆகாதது இதுதான். அவர் தெற்கேயிருந்து வந்து கடை வைத்தவர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "பில்லு லேட்டானா அந்த அம்மா சும்மா நிப்பாங்களா? பொடவையை இன்னொரு மட்டம் பிரிச்சுப் பாப்பாங்க. பாத்தாங்கன்னா கெட்டுது கதை" என்பார்.

ஒருநாள் அடையாறிலிருந்து ஒரு கஸ்டமர் நேராக அவருக்கே போன் போட்டுத் திட்டிவிட்டார். அண்ணாச்சி லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, என் கடை லைன் படுத்துக் கெடக்குன்னு ஊரான் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? அவனுக்கு முன்னால ஒனக்குத் தெரிய வேண்டாமா?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அநியாயமாகத் திட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன், நியாயமாகக் கேட்டால்தான் எனக்குத் தாங்காது.

அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். சர்வர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளையையும் "இருக்கியா?" என்று கூப்பிடும். "இருக்கேன்" என்று பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொள்ளும். பதில் தாமதமானாலோ வராமலே போனாலோ ஒரு ஸ்பீக்கரில் கீ கீ என்று கத்தும். நான் அறையில் இல்லாத நேரத்திலும் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரைக் கீழே பட்டுப் பிரிவில் கொண்டுபோய் வைத்தேன். பெரிய மூளை என்று நினைப்பு.

எவ்வளவு நேரமானால் தாமதம் என்பதை என் இஷ்டத்துக்கு வைத்திருந்தேன். அது பொழுதன்னைக்கும் கத்தியது. பட்டுப் பிரிவில் நின்ற சைதாப்பேட்டைக்கார சேல்ஸ்மேன் என்னைப் படியிலேயே மடக்கினார்.

"இன்னா மேடம் இது, காலைலேர்ந்து கத்திக்கினே கீது! நான் முகூர்த்தப் பொடவை காட்டிக்கினு இருக்கேன், அது அபசகுனம் மாதிரி கத்துது. மாப்ள ஊட்டுக்காரங்க எந்திரிச்சு பூட்டாங்க."

ரெண்டு நாளில் சத்தம் நின்றது. லைன்கள் திருந்திவிட்டன என்று நான் பூரித்துப்போய்க் கீழே இறங்கினால், ஸ்பீக்கர் தலைமேல் ஜாக்கெட் துணி மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. சேல்ஸ்மேன் கூரையைப் பார்த்தார். சும்மா சும்மா கத்துகிற எதையும் மனுஷன் இப்படித்தான் மூடி வைப்பான்.

அதற்கப்புறம் அலாரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் வெறுமனே வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சுபாவம் இருந்தது. மயிலாப்பூர் லைன் சாயங்காலமானால் சோம்பும். அந்தக் கிளை மேனேஜர் அன்றைய ஸ்டாக் விவரத்தை அப்போதுதான் அனுப்புவார். அடையாறு லைனுக்கு மழை ஆகாது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, வழக்கத்தை மீறி, அதுவும் அடுத்தடுத்து மூன்று தடவை பதில் தவறினால் மட்டும் கத்து என்று மாற்றினேன். பிறகு அது எப்போதாவதுதான் வாயைத் திறந்தது, திறந்தால் பொய் சொல்லாது. அண்ணாச்சிக்கு ஒரே குஷி. கிளைக்காரர்கள் சொல்வதற்கு முன்னால் இவரே போனைப் போட்டு, "ஒங்க லைன் போச்சு, தெரியுமாவே?" என்று கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

இப்படி இருக்கும்போதுதான் மார்கழி வந்தது. எனக்கு மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவில் மத்தியான நேரத்தில் கச்சேரி கொடுத்தார்கள். என் முதல் கச்சேரி. மத்தியானக் கச்சேரி என்றால் இலவசம், கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். இருந்தாலும் மேடை மேடைதானே. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். சின்ன வயசிலிருந்து என்னைப் பாட்டு கிளாசுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், முடிகிற வரை வெளியே காத்திருந்து கூட்டி வந்தவள் அவள். அன்றைக்கு அவள் கேட்பாள் என்பதற்காகத்தான் நான் பாடப்போனேன் என்று சொன்னால் அதில் துளி மிகையில்லை.

அண்ணாச்சியிடம் மத்தியானம் லீவு கேட்டேன். தை முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வருகிற சமயம், அதுவும் சனிக்கிழமை. அவர் முகவாயைத் தடவினார்.

"போயிட்டு வா தாயி. ஆனா லைன் போச்சுன்னா ஒனக்கு அங்க தெரியணும். என்ன செய்யணும்னு நீ போன்ல சொன்னாப் போதும், இங்க நாங்க சரி பண்ணிக்கிடுவோம்."

சர்வரில் மோடம் இருந்தது. அலாரம் அடிக்கும்போது எந்த நம்பரை வேண்டுமானாலும் டயல் செய்ய வைக்கலாம். பேசத் தெரியாது, எடுத்தால் காதில் கீச்சிடும், அவ்வளவுதான். நம் வீட்டு நம்பரையே கொடு என்றாள் அம்மா.

"நான் போன் பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கேன். அடிச்சா ஓடி வந்து சொல்றேன். சபா ரெண்டு தெருதானே."

"அப்ப நீ கச்சேரிக்கு வரலையா?"

"தினம் ஆத்துல கேக்கறதுதானே" என்றாள், வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த சர்வரை மாடியிலிருந்து உருட்டிவிடலாம் போலிருந்தது. அலாரம் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் அதைக் கேட்க ஒரு ஆள் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த ஆள் என் அம்மாவாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாளே சபா காரியதரிசியைப் போய்ப் பார்த்தேன். சபா ஆபீசில் போன் இருந்தது. அது அடித்து, எடுத்தால் கீச்சென்று கத்தினால், ஒரு துண்டுச் சீட்டில் "லைன்" என்று எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். இன்ன பாட்டுப் பாடுங்கள் என்று ரசிகர்கள் சீட்டு அனுப்புகிற வழக்கம் சபாவில் உண்டாகையால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் இங்க சபா நடத்தறேனா, தீயணைப்பு நிலையம் நடத்தறேனா?" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். சோதனைக்காக ஒரு தடவை கடையிலிருந்து அடிக்க வைத்தேன். அடுத்த நிமிஷம் எனக்கு போன் வந்தது. "யாரோ காதுல விசிலடிக்கறாளேம்மா! கர்மம், ஸ்ருதிகூடச் சேரலை."

கச்சேரி நாளும் வந்தது. அம்மா நல்ல பட்டாக எடுத்துக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டம் பரவாயில்லை, தூங்கினவர்கள்கூடத் தாளம் போட்டுக்கொண்டே தூங்கினார்கள். தோடி ஆலாபனை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. அதுவரை வீட்டில் ஒருநாளும் எட்டாத ஓர் இடம் அன்றைக்குத் தானாகத் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. அப்போது பார்த்துக் காரியதரிசி பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, முதுகை வளைத்து உள்ளே வந்தார். கையில் சீட்டு.

ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது மேடையேற அவருக்கு மனசு வரவில்லை. எந்த சபாக்காரருக்கும் வராது. அம்மாவிடம் சீட்டைக் கொடுத்து, கண்ணாலேயே மேடையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா பிரித்துப் பார்த்தாள். நான் பாடிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு என்னைப் பார்த்து, மேலே பாடு என்று கையசைத்தாள். யாரோ ஏதோ பாட்டுக் கேட்டிருக்கிறார்கள், எனக்குப் பாடமில்லாத பாட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மங்களம் பாடுகிற வரை அப்படித்தான் நினைத்தேன்.

கீழே இறங்கியதும் சீட்டைக் கையில் கொடுத்தாள். "லைன்" என்று எழுதியிருந்தது.

"அம்மா! இதை எப்ப கொடுத்தார்?"

"தோடியில."

"தோடியிலயா? ஏன் குடுக்கலை? வேலை போயிடும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்" என்றாள் அம்மா, அமைதியாக.

காரியதரிசி அறைக்கு ஓடிக் கடைக்கு போன் போட்டேன். அண்ணாச்சியே எடுத்தார்.

"அடையாறு லைன் போயிருச்சும்மா. கையால பில்லு எழுதி ஒப்பேத்துனோம். அரை மணி கழிச்சு அதாவே வந்துருச்சு. ஒனக்கு அலாரம் வரலையா?"

"வந்தது அண்ணாச்சி. அம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க. எங்கிட்டக் கொடுக்கலை."

"இனிமே ஒனக்கு அடிச்சு நீ பதில் சொல்லலைன்னா எனக்கு அடிக்கட்டும். அப்படிப் பண்ணிரு" என்றார். பிறகு, "அம்மாட்டக் குடு போனை."

என் பின்னாலேயே வந்திருந்த அம்மா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனை வாங்கினாள்.

"ஆமாம், நான்தான் வெச்சுண்டேன். அவ மேல தப்பில்லை. உங்க லைன் போகும், வரும், நாளைக்கும் போகும். இவளோட முதல் கச்சேரி இன்னிக்கு ஒருநாள்தான்." சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி என்னவோ கேட்டார். அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாடினா" என்றாள். "ரொம்ப நன்னாப் பாடினா. நான் இப்படி ஒரு தோடி கேட்டதில்லை."

பாட ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் அவள் என்னிடம் சொல்லவில்லை. தி.நகர் புடவைக்கடை அண்ணாச்சியிடம்தான் சொன்னாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.