கெட்டிமேளத்தில் ஊதிய பாட்டு

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கிய தகரப் புல்லாங்குழலில், அக்காள் கல்யாணத்துக்காக ஒரு லாலிப் பாட்டைப் பழகினேன். உதடு புண்ணாகிவிட்டது.

“பொட்டப்பிள்ள சபையில ஊதவா?” என்று ஒரு மாதமாக முறைத்த பெரியப்பா, கல்யாணத்துக்கு முதல்நாள் மட்டும் இளகினார். “சரி, தாலி கட்டும்போது ஊதுட்டி.”

மடச்சி, நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் பெரியப்பாவே மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். வேறெந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். நான் ஊதியது எனக்கே கேட்கவில்லை.

பந்தியில் நான் பரிமாறும்போது, எல்லார் முன்னாலும், “நல்லாத்தான் ஊதுன” என்றார்.

“என்ன பாட்டு பெரியப்பா?” என்றேன்.

அவர் சாம்பார் கேட்டார். மோரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.